அட்டவணையிடம் கேள் – 5: எத்தனை பேர்?

சென்ற வாரம் செலக்ட், ஃப்ரம், வேர் மூன்றையும் வைத்து வேண்டிய வரிகளை மட்டும் வரவழைத்தோம். அலுவலகத்தில் யாரும் வரிகளைக் கேட்பதில்லை. மேலிருந்து வருகிற கேள்வி எப்போதும் ‘எத்தனை?’ என்பதுதான். எத்தனை மனு வந்தது, எத்தனை நிலுவையில் நிற்கிறது, எத்தனை பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ஆகவே எஸ்க்யூஎல் கற்கிறவர்கள் இரண்டாம் நாளே கவுண்ட் என்ற சொல்லுக்கு வந்துவிடுகிறார்கள். அதிகம் ஏமாறுவதும் அங்கேதான் என்பது என் எண்ணம். கட்டளையை எழுத்துப்பிழையோடு தட்டினால் கணினி கத்தும். எதை எண்ணுகிறோம் என்பதில் பிசகினால் சத்தமே வராது. அழகாக ஓர் எண் வந்து நிற்கும், அதை அப்படியே அறிக்கையில் ஒட்டிவிடுவோம்.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்டது டைட்டானிக் கப்பலின் பயணிகள் அட்டவணை. தரவு அறிவியல் படிக்கத் தொடங்குகிற எவரும் காகிள் தளத்தில் முதலில் சந்திப்பது இதைத்தான். பழகிப்போன பாடம் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்குச் சலிப்பு வரவில்லை. எண்ணிக்கையில் விழக்கூடிய குழிகள் அத்தனையும் இந்த ஒரே அட்டவணையில் இருக்கின்றன, அவை யாரும் பாடத்துக்காக வெட்டிவைத்தவை அல்ல.

ஒரு வரிக்கு ஒரு பயணி. பெயர், வயது, பாலினம், எந்த வகுப்பு, பயணச்சீட்டு எண், கட்டணம், அறை எண், ஏறிய துறைமுகம், பிழைத்தாரா இல்லையா. பிழைத்தாரா என்ற பத்தியில் பிழைத்தவருக்கு 1, இறந்தவருக்கு 0. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் அட்டவணைக்கும் பத்திகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அது மறுக்காது. அதனால் அட்டவணைக்குப் ‘பயணிகள்’ என்றும், பத்திகளுக்கு வயது, சீட்டு, அறை என்றும் பெயர் வைத்திருக்கிறேன். செலக்ட், கவுண்ட் போன்ற கட்டளைச் சொற்களை இங்கே தமிழெழுத்தில் அச்சிடுகிறோம். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

முதல் கேள்வி:

செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் பயணிகள்;

விடை 891. அடைப்புக்குள் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு ‘வரி என்று ஒன்று இருந்தால் எண்ணு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காதே’ என்று பொருள். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு ஒரு பத்தியின் பெயரைப் போடுவோம்.

செலக்ட் கவுண்ட்(வயது) ஃப்ரம் பயணிகள்;

இப்போது விடை 714. வயதுக்குப் பதில் அறை என்று போட்டால் 204. பயணிகள் குறையவில்லை. பத்தியின் பெயரைச் சொன்னதும் கவுண்ட், அந்தப் பத்தியில் ஏதாவது எழுதியிருக்கும் வரிகளை மட்டும் எண்ணுகிறது. 177 பேருக்கு வயது பதிவாகவில்லை, 687 பேருக்கு அறை எண் இல்லை. இந்த ‘பதிவாகவில்லை’ என்ற நிலைக்குத்தான் நல் என்று பெயர்.

நேர்முகத் தேர்வுகளில் இதையொட்டி ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது: கவுண்ட்(*) வேகமா, கவுண்ட்(1) வேகமா? போஸ்ட்கிரஸ், ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல் எதை எடுத்தாலும் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. இதைக் கேட்பதற்குப் பதில் கவுண்ட்(*), கவுண்ட்(வயது) வித்தியாசத்தைக் கேட்டால் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

அடுத்த குழி இன்னும் சின்னது. எத்தனை பேர் பிழைத்தார்கள்?

செலக்ட் கவுண்ட்(பிழைத்தார்) ஃப்ரம் பயணிகள்;

அட்டவணையில் இருக்கும் 891 பேரும் பிழைத்துவிட்டதாகக் கணினி சொல்லும். இறந்தவர்களின் வரியில் இருப்பது 0. கவுண்டைப் பொறுத்தவரை 0 என்பதும் ஒரு பதிவுதான், எழுதப்பட்ட விவரம்தான். நல் மட்டுமே அதன் கண்ணில் படாது. இங்கே வேண்டியது கூட்டல். சம்(பிழைத்தார்) என்று கேட்டால் ஒன்றுகள் எல்லாம் கூடி 342 என்று வரும். இல்லையென்றால் வேர் பிழைத்தார் = 1 என்று வடிகட்டிவிட்டு நட்சத்திரத்தால் எண்ணலாம். அதுவும் 342 தரும். ஒரே விடைக்கு இரண்டு வழி இருந்தால் இரண்டிலும் போய்ப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நல் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தரவை அட்டவணைகளாக, கணிதத்தின் உறவுகளாகப் பார்க்கலாம் என்று 1970-இல் கட்டுரை எழுதியவர் எட்கர் காட், கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்துக்காரர். அந்த எண்ணத்தைச் சாதாரண ஆட்களும் கேள்வி கேட்கக்கூடிய மொழியாக 1974-இல் வடித்தவர்கள் அதே நிறுவனத்தின் டான் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும். தெரியாத விவரத்தை என்ன செய்வது என்ற சிக்கல் ஆரம்பத்திலிருந்தே துரத்தியது. தெரியாத வயதுக்கு 0 போட்டால் பச்சைக்குழந்தை என்றாகிவிடும், 999 போட்டால் சராசரி கெட்டுவிடும். தெரியாததற்குத் தனி அடையாளம் வேண்டும், அதைத் தரவுத்தளம் முறையாகக் கையாள வேண்டும் என்று காட் 1985-இல் தன் பன்னிரண்டு விதிகளில் ஒன்றாகவே எழுதிவைத்தார். அவரோடு சேர்ந்து உழைத்த கிறிஸ் டேட்டுக்கோ நல் என்றாலே ஆகாது. அதைத் தூக்கி எறிய வேண்டும் என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். நான் காட் பக்கம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கு ஓர் இடம் இல்லாவிட்டால், எதையாவது எழுதி நிரப்பிவிடுவார்கள்.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை உண்டு. இந்த இரண்டு கேள்விகளையும் பாருங்கள்.

செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் பயணிகள் வேர் வயது < 18;

செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் பயணிகள் வேர் வயது >= 18;

முதலாவதற்கு 113, இரண்டாவதற்கு 601. பதினெட்டுக்குக் கீழே ஒருவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பதினெட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. இருந்தும் கூட்டினால் 714-தான் வருகிறது. மீதி 177 பேர் இரண்டிலும் சேரவில்லை. ‘தெரியாத வயது 18-க்குக் குறைவா?’ என்று கேட்டால் எஸ்க்யூஎல் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. ‘தெரியாது’ என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். வேர் என்ற வாயிற்காவலரோ ‘ஆம்’ என்று வந்தவரை மட்டுமே உள்ளே விடுவார். வேர் வயது = நல் என்று எழுதினாலும் இதே கதிதான். தெரியாததும் தெரியாததும் சமமா என்பதும் தெரியாது, எனவே விடை 0. நல்லைப் பிடிக்க இஸ் நல் என்று தனியாக எழுத வேண்டும். வேர் வயது இஸ் நல் என்று கேட்டால் அந்த 177 பேரும் வருவார்கள்.

இங்கே வாசகர்களில் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். ‘எனக்கு கவுண்ட்(வயது) 891 என்றுதானே வந்தது?’ என்று கேட்பார்கள். வரும். டைட்டானிக் அட்டவணை சிஎஸ்வி கோப்பாகத்தான் கிடைக்கும். அதை எஸ்க்யூலைட்டின் கட்டளைச் சாளரத்தில் இம்போர்ட் செய்தால், காலியாக இருந்த இடத்தில் நல் விழாது. எழுத்தே இல்லாத வெறும் சரம் ஒன்று போய் உட்காரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கட்டம் காலியாகத் தெரியும். கவுண்டுக்கு அப்படி இல்லை. வெற்றுச் சரமும் ஒரு பதிவுதான் என்று அதையும் சேர்த்து எண்ணிவிடும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. வயதுப் பத்தியை எண் வகை என்று நீங்கள் முன்பே அறிவித்திருந்தாலும், வெற்றுச் சரம் சரமாகவே தங்கிவிடும். எஸ்க்யூலைட்டின் வரிசையில் எந்த எண்ணைவிடவும் எழுத்து பெரியது. ஆகவே வயது >= 18 என்று கேட்டால் வயது தெரியாத அத்தனை பேரும் பெரியவர்கள் பட்டியலில் போய்ச் சேர்வார்கள். 113-ம் 778-ம். கூட்டினால் 891, துல்லியமாகப் பொருந்தும். கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாகக் கணினியை மூடுகிற இடம் இது. சராசரி கேட்டால்தான் குட்டு உடையும். ஏவிஜி (சராசரி) போடும்போது எஸ்க்யூலைட் வெற்றுச் சரத்தை 0 என்று எடுத்துக்கொள்ளும். 29.7 வரவேண்டிய சராசரி வயது 23.8 என்று இறங்கிவிடும். மருந்து ஒரே வரி:

அப்டேட் பயணிகள் செட் வயது = நல் வேர் வயது = '';

அறை, துறைமுகம் பத்திகளுக்கும் இதையே செய்துவிடுங்கள். அதற்கப்புறம்தான் எண்ணத் தொடங்க வேண்டும். புதிதாக எந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது கவுண்ட்(*), பிறகு ஒவ்வொரு பத்திக்கும் கவுண்ட். எல்லாப் பத்திக்கும் ஒரே எண் வந்தால் மகிழ்ச்சி வராது, சந்தேகம்தான் வரும்.

இனி அந்த 177 பேரை விட்டுவிடலாமா? விடக்கூடாது.

செலக்ட் வயது இஸ் நல், கவுண்ட்(*), சம்(பிழைத்தார்) ஃப்ரம் பயணிகள் க்ரூப் பை வயது இஸ் நல்;

வயது தெரிந்த 714 பேரில் 290 பேர் பிழைத்திருக்கிறார்கள், நூற்றுக்கு நாற்பது. வயது தெரியாத 177 பேரில் 52 பேர்தான், முப்பதைக்கூடத் தொடவில்லை. அறை எண்ணுக்கு இதே கேள்வியைக் கேட்டால் இடைவெளி இன்னும் விரிகிறது. அறை தெரிந்த 204 பேரில் 136 பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கினர், கரை சேர்ந்தார்கள். அறை தெரியாத 687 பேரில் 206 பேர். விவரம் இல்லை என்பதே ஒரு விவரமாக நிற்கிறது. பிழைத்தவரிடம் பிற்பாடு வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கடலில் போனவரிடம் யார் கேட்பது? இது பாதிக் காரணம். மறுபாதி, வயது இல்லாத 177 பேரில் 136 பேர் மூன்றாம் வகுப்புக்காரர்கள். அறை எண் பதிவான 204 பேரில் 176 பேர் முதல் வகுப்பு. ஏழைகளைப் பற்றிய பதிவு மெலிதாக இருந்தது, அவர்களே அதிகம் இறந்தும் போனார்கள். காலிக் கட்டங்கள் உள்ள வரிகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் யாரை நீக்குகிறார் என்று கேட்டுவிட்டு அனுமதியுங்கள்.

மேலே க்ரூப் பை என்று ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் நுழைத்துவிட்டேன். ஒரே விவரம் உள்ள வரிகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, கட்டுக்கு ஓர் எண் சொல்வது அதன் வேலை. மென்பொருளுக்கு முன்பே இது இயந்திரத்தில் நடந்திருக்கிறது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் துளையிட்ட அட்டைகளால் எண்ணினார். ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் என்று அட்டைகளைப் பிரித்து எண்ணுவதுதான் அங்கேயும் காரியம். அவருடைய நிறுவனம் 1911-இல் வேறு சில நிறுவனங்களோடு இணைந்தது, அந்தக் கூட்டு நிறுவனம் 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எண்ணுவதற்காகவே பிறந்த வீட்டில் எஸ்க்யூஎல்லும் பிறந்தது பொருத்தம்தான்.

செலக்ட் துறைமுகம், கவுண்ட்(*) ஃப்ரம் பயணிகள் க்ரூப் பை துறைமுகம்;

இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் 644, பிரான்சின் ஷெர்பூர் 168, அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் 77. நான்காவதாகப் பெயரில்லாத ஒரு வரி, அதில் 2. க்ரூப் பை நல்லையும் ஒரு கட்டாகக் கட்டிவைக்கும். ஆனால் எத்தனை துறைமுகம் என்று கவுண்ட்(டிஸ்டிங்ட் துறைமுகம்), அதாவது ஒரே பெயரை ஒரு முறை மட்டும் எண்ணு என்று போட்டுக் கேட்டால் 3 என்று சொல்லும், நல்லைக் கண்டுகொள்ளாது. ஒரே மொழி, ஒரே பத்தி, இரண்டு மரியாதை. இதற்கு நியாயம் சொல்ல என்னால் முடியாது, மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

இரண்டு பத்திகளைச் சேர்த்தும் கட்டலாம். க்ரூப் பை வகுப்பு, பாலினம் என்று எழுதி, கவுண்ட்(*), சம்(பிழைத்தார்) இரண்டையும் கேட்டால் ஆறே வரிகள். முதல் வகுப்புப் பெண்கள் 94 பேரில் 91 பேர் பிழைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 76-க்கு 70. மூன்றாம் வகுப்பில் 144-க்கு 72, சரிபாதி. ஆண்களில் முதல் வகுப்பு 122-க்கு 45, இரண்டாம் வகுப்பு 108-க்கு 17, மூன்றாம் வகுப்பு 347-க்கு 47. ‘பெண்களும் குழந்தைகளும் முதலில்’ என்ற கட்டளை எந்த அளவுக்கு உண்மை, எந்தத் தளத்தோடு நின்றுபோனது என்று இந்த ஆறு வரிகள் சொல்கின்றன. இந்த ஒரு கேள்விக்காகவே க்ரூப் பை கற்கலாம்.

இனி சீட்டுக்கு வருவோம். கவுண்ட்(சீட்டு) 891 தரும், எல்லோருக்கும் சீட்டு எண் பதிவாகியிருக்கிறது. கவுண்ட்(டிஸ்டிங்ட் சீட்டு) கேட்டால் 681. ஒரே சீட்டில் பலர் போயிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் பத்திரிகைக் கணக்கு வேறு, இலைக் கணக்கு வேறு. சமையற்காரரிடம் பத்திரிகைக் கணக்கைச் சொன்னால் பந்தி பாதியில் நின்றுவிடும். அட்டவணையில் ஒரு வரி இலையா பத்திரிகையா என்று தெரியாமல் எண்ணக்கூடாது.

பகிர்ந்துகொண்ட சீட்டுகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஹேவிங் வேண்டும்.

செலக்ட் சீட்டு, கவுண்ட்(*) ஃப்ரம் பயணிகள் க்ரூப் பை சீட்டு ஹேவிங் கவுண்ட்(*) > 1;

134 சீட்டுகள் வரும், அவற்றில் 344 பேர். வேர் என்றே எழுதினால் என்ன என்று கேட்கலாம். வேர் வேலை செய்வது கட்டுக் கட்டுவதற்கு முன்னால். அந்த நேரத்தில் கவுண்ட் என்று ஒன்று பிறக்கவே இல்லை, அதனால் கணினி திட்டும். கட்டுகள் தயாரான பிறகு கட்டைப் பார்த்து வடிகட்டுவது ஹேவிங். குழந்தைகளை மட்டும் எடுத்துப் பிறகு சீட்டுவாரியாக எண்ண வேண்டுமா, வேர் வயது < 18 என்று முன்னால் போடுங்கள். சீட்டுவாரியாக எண்ணிவிட்டுப் பெரிய குடும்பங்களை மட்டும் பார்க்க வேண்டுமா, ஹேவிங்கைப் பின்னால் போடுங்கள். ஒரே கேள்வியில் இரண்டும் வரலாம்.

நிபந்தனையைக் கவுண்ட்(*) > 6 என்று ஏற்றிப் பாருங்கள். மூன்று சீட்டுகள்தான் மிஞ்சும், ஒவ்வொன்றிலும் ஏழு பேர். அதில் ஒன்று ‘சிஏ. 2343’. அதை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டேன்.

செலக்ட் கவுண்ட்(*), கவுண்ட்(வயது), சம்(பிழைத்தார்), சம்(கட்டணம்) ஃப்ரம் பயணிகள் வேர் சீட்டு = 'சிஏ. 2343';

விடை 7, 0, 0, 486.85. இங்கிலாந்தின் பீட்டர்பரோவிலிருந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குக் குடியேறப் புறப்பட்ட சேஜ் குடும்பத்தின் சீட்டு இது. மூன்றாம் வகுப்பு. ஏழு பேரில் ஒருவருக்குக்கூட வயது பதிவாகவில்லை, ஒருவரும் பிழைக்கவில்லை.

கடைசி எண் பொய். அந்தச் சீட்டின் விலை 69 பவுண்டு 11 ஷில்லிங், பதின்மத்தில் எழுதினால் 69.55. முழுச் சீட்டுக்குமான தொகை அது. அட்டவணை தயாரித்தவர்கள் அதை ஒவ்வொருவர் வரியிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். ஏழு முறை கூட்டினால் 486.85 வராமல் என்ன செய்யும்? மற்ற பத்திகள் ஆளைப் பற்றிப் பேசும்போது, கட்டணப் பத்தி மட்டும் சீட்டைப் பற்றிப் பேசுகிறது. டைட்டானிக்கின் மொத்தக் கட்டண வருவாய் என்று சம்(கட்டணம்) போட்டுக் கணக்கிடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. முதல் வகுப்பில் ஒருவர் சராசரியாக இவ்வளவு செலவழித்தார் என்று சொல்கிறவர்களும் பார்ப்பதில்லை.

ஏழு பேர் என்பதும் முழு உண்மை இல்லை. சேஜ் குடும்பத்தில் பெற்றோரும் ஒன்பது பிள்ளைகளுமாகப் பதினொருவர் கப்பலில் இருந்தார்கள், பதினொருவரும் இறந்தார்கள். மீதி நால்வர் எங்கே? நாம் எண்ணிக்கொண்டிருந்தது பயணிகள் எல்லோரையும் அல்ல. காகிள் போட்டிக்காக 1,309 பயணிகளை இரண்டாகப் பிரித்து, 891 பேரைப் பிழைத்தாரா என்ற விடையோடு ஒரு கோப்பிலும், 418 பேரை விடை இல்லாமல் இன்னொரு கோப்பிலும் வைத்திருக்கிறார்கள். கப்பல் ஊழியர்கள் இரண்டிலுமே இல்லை. கவுண்ட்(*) 891 என்று சொன்னபோது அது கோப்பைப் பற்றிச் சொன்னது. கப்பலைப் பற்றி என்று எடுத்துக்கொண்டால் அது நம் பொறுப்பு.

அந்த நால்வரையும் இந்த ஏழு பேரோடு சேர்ப்பது அடுத்த வார வேலை. யூனியன், யூனியன் ஆல் என்று இரண்டு இருக்கின்றன. தவறானதை எடுத்தால் ஆட்கள் காணாமல் போவார்கள். அதற்குள் ஒரு பயிற்சி. துறைமுகம் பதிவாகாத அந்த இரண்டு வரிகளை வரவழைத்து முழுதாகப் படியுங்கள். இருவருக்கும் சீட்டு எண் ஒன்று, அறை எண்ணும் ஒன்று, பி28. பிறகு, அவர்கள் இருவரையும் விட்டுவிடாமல் ‘சௌத்தாம்ப்டனில் ஏறாதவர்கள் எத்தனை பேர்?’ என்ற கேள்வியை எழுதிப் பாருங்கள். வேர் துறைமுகம் <> 'சௌத்தாம்ப்டன்' என்று எழுதினால் 245 வரும். அது ஏன் 247 ஆகவில்லை, 247 என்று வரவழைத்தால்தான் அது சரியாகிவிடுமா, இரண்டையும் யோசித்து வையுங்கள்.